பதினொரு மணி

சாவி பால்பண்ணையில் இருக்கிறது என்று
தேவாலயக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது.
பால்பண்ணையில் மெங்கியா
முழங்கைவரை தயிர்க்கட்டியில் இருந்தாள்.
தலையை அசைத்து ஆணியைக் காட்டினாள்.
சாண் நீள இரும்பு.
என் வீட்டுச் சாவிகளெல்லாம் சேர்ந்தாலும்
இதன் ஒரு பல்லுக்குக் காணாது.
“பூட்டும்போது கதவைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்,
அதற்கு இடுப்பு வலி.”

உள்ளே பதினாறு பேர் உட்காரலாம்,
நெருக்கினால் இருபது.
பைன் பலகை மணம், எலிப் புழுக்கை,
முனை பிசகாமல் அடுக்கிய பாட்டுப் புத்தகங்கள்.
வடக்குச் சுவர் முழுக்க
குழந்தையைத் தோளில் ஏற்றி ஆறு கடக்கும்
புனித கிறிஸ்தோபர்.
ஐந்நூறு வருடத்துக்கு முன் வரைந்தது.
பிறகு வந்த நம்பிக்கை
அவர்மேல் சுண்ணாம்பு அடித்தது.
சுண்ணாம்பு பிடிக்கவேண்டுமே என்று
முதலில் உடம்பெல்லாம் உளியால் கொத்தியது.
சுண்ணாம்பை இப்போது சுரண்டி எடுத்துவிட்டார்கள்.
அம்மைத் தழும்புகள் நின்றுவிட்டன.
குழந்தைக்கு முகம் இல்லை.
முழங்கால் தண்ணீரில் மீன்கள் மட்டும்
ஒரு கொத்தும் படாமல்.
கொத்தியவன் குனியச் சோம்பினானோ,
தூண்டில் போடுகிறவனோ.

பூட்டினேன். தூக்கித்தான் பூட்டினேன்.

ஏரிக்கு வழி பின்பக்கம்,
கல்லறைகளுக்கும் உருளைக்கிழங்குப் பாத்திக்கும் நடுவே.
முதல் ஏரி ஏமாற்றம்.
குட்டை என்றே சொல்லலாம்:
மாடுகள் கலக்கிய கரை, சாணம், ஈ,
ரொட்டிப் பொட்டலம் பிரிக்கும் ஒரு குடும்பம்.
இரண்டாவதுக்கு இன்னும் நானூறு மீட்டர் ஏற்றம்.
என் மூச்சு எனக்கு முன்னால் போய்
ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருந்தது.

நீலம் இல்லை அது. பச்சையும் இல்லை.
பனியாறு அரைத்த கல்மாவு,
அரிசி களைந்த தண்ணீரில்
துளி மயில்துத்தம் விழுந்தாற்போல.
காலை விட்டேன். எண்ணினேன்.
பதினொன்றில் எலும்பு கூப்பிட்டது.
பாதத்தைச் சுற்றி, வந்து பார்த்துவிட்டுப் போகிற
அதே மீன்கள்:
செம்மண் வயிறு, வெள்ளைக் கரை வைத்த துடுப்பு.

வரைந்தவன் கடல் பார்த்ததில்லை.
இந்த ஏற்றம் ஏறியிருக்கிறான்.
செருப்பைக் கழற்றியிருக்கிறான்.
இதே கல்லாக இருக்காது,
ஐந்நூறு குளிர்காலம் கல்லையும் நகர்த்தும்.
இருந்தாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து
இடம் விட்டேன்.

நகர்ந்தபோது தொடையில் ஏதோ குத்தியது.

சாவி.

இறக்கத்தை ஓட்டமும் சறுக்கலுமாகக் கடந்தேன்.
பண்ணை வாசலில் மெங்கியா, கை காய்ந்து.
பக்கத்தில் மணியடிக்கும் பால்ட்சர்,
கயிறு பிடிக்கிற கை சும்மா தொங்க.
யாரும் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.
பதினொரு மணிக்கு மணி அடிக்கவில்லை,
மேட்டில் புல் உலர்த்துகிறவர்கள்
சாப்பிட இறங்கவில்லை,
உர்ஷ்லாவின் பார்லிக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.
அவ்வளவுதான் விஷயம்.

“எல்லோரிடமும் கைபேசி இருக்குமே” என்றேன்,
வாயை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாமல்.
பால்ட்சர் நியாயமாக யோசித்தார்.
“இருக்கிறது. அதில் நேரம் தெரியும்.
பசி தெரியாது.”

கதவைத் தூக்கித் திறந்தோம்.
கயிற்றை என்னிடம் நீட்டினார்.
தண்டனையா மரியாதையா, நான் கேட்கவில்லை.
முதல் இழுப்புக்குச் சத்தமே இல்லை;
மேலே எங்கோ உறங்கிய எடை
புரண்டு படுத்தது.
இரண்டாவதில் என் குதிகால் தரையைவிட்டு எழுந்தது.
மூன்றாவதில் அடித்தது.
சுவரின் மீன்கள் கலையவில்லை.
கதவுவழி பார்த்தேன்:
மேட்டில் முள்கோல்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன,
ஆட்கள் சின்னச் சின்னதாக
இறங்கத் தொடங்கினார்கள்.

அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில்
பிற்பகல் ஒன்றே முக்காலுக்குப்
பதினொரு மணி ஆயிற்று.

நீள மேசையில் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள் உர்ஷ்லா,
அடியிலிருந்து சுரண்டியது, வேண்டுமென்றே.
புகை வாசம்.
கேட்டு இன்னொரு தட்டு வாங்கினேன்.